ஜிங்க் சல்பேட்டா, பேதி உப்பா? மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கட்டபெட்டு_தோட்டம் | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் அறுபது சென்ட் தேயிலை வச்சிருக்கேன். போன வருஷத்துல இருந்தே கொழுந்து இலை அரிவாள் மாதிரி வளைஞ்சு, சின்னதா, கொத்துக்கொத்தா வருது. ஜிங்க் குறைச்சல்னு எல்லாரும் சொன்னதால 25 கிலோ மூட்டை ரெண்டு வாங்கினேன். ரெண்டு ரவுண்டு அடிச்சாச்சு, இலை அப்படியேதான் இருக்கு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் மூட்டைக்குள்ள கையை விட்டுப் பார்த்துட்டு, "இது ஜிங்க் இல்லப்பா, பேதி உப்பு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். வெள்ளையா, ஊசி ஊசியா மினுமினுன்னு இருக்கு. வீட்டுலயே பார்க்க வழி இருக்கா? கடை பேரெல்லாம் கேட்காதீங்க, நாளைக்கும் அங்கதான் போகணும்.

டீத்தூள்_99 | சனி, இரவு 10.05

நாக்குல வச்சுப் பாருங்க. பேதி உப்புன்னா கசக்கும். இல்லைன்னா அடுப்பு நெருப்புல தூவிப் பாருங்க, ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கலர் வரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே.

பூம்பாறை_பூண்டு | சனி, இரவு 10.31

கொடைக்கானல் பக்கம் எங்களுக்கும் இதே தலைவலிதான். எங்க ஊர்ல ஒரு வழி சொல்லுவாங்க. டிஏபி உரத்தைத் தண்ணியில கரைச்சுத் தெளிய வச்சு எடுத்துக்கோங்க. உப்பைத் தனியா கரைச்சு ரெண்டையும் சேருங்க. ஜிங்க்னா தயிர் மாதிரி திரளும். மெக்னீசியம்னா, அதாவது பேதி உப்புன்னா, திரளாது. செலவே இல்ல.

ஓய்வுபெற்ற_டீச்சர் | ஞாயிறு, காலை 6.15

முதலில் டீத்தூளுக்கு. நாக்கில் வைக்கச் சொல்லாதீர்கள். ஜிங்க் சல்பேட்டை ஒரு காலத்தில் வாந்தி எடுக்க வைப்பதற்கே மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். பேதி உப்பாக இருந்தால் கீழே போகும், ஜிங்க்காக இருந்தால் மேலே வரும். சோதனை என்று பார்த்தால் தெளிவான சோதனைதான், ஆனால் வேண்டாம்.

நெருப்பு வண்ணமும் இதற்கு உதவாது. பேரியத்துக்குப் பச்சை ஆப்பிள் நிறம், ஸ்ட்ரான்சியத்துக்குக் கருஞ்சிவப்பு, கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு, தாமிரத்துக்கு நீலப்பச்சை. ஜிங்க்குக்கும் மெக்னீசியத்துக்கும் அடுப்பில் பார்க்கும்படி எந்த நிறமும் கிடையாது. கை வியர்வையில் இருக்கும் சோடியத்தின் மஞ்சள்தான் கண்ணில் படும்.

பெரியவர் கையை விட்டுப் பார்த்துச் சொன்னதையும் நான் ஏற்க மாட்டேன். அவர் அனுபவத்தைக் குறை சொல்லவில்லை. இந்த இரண்டு உப்பும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் சல்பேட், இரண்டிலும் ஏழு மூலக்கூறு தண்ணீர், படிக வடிவமும் ஒன்றே. சேர்த்துக் கரைத்துக் காய வைத்தால் ஒரே ஊசிக்குள் இரண்டும் கலந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணாலும் கையாலும் பிரிக்க முடியாததால்தான் கலப்படக்காரர்களுக்கு இது வசதி.

டிஏபி வழி நல்ல வழி, ஆனால் ஒரு எச்சரிக்கை. டிஏபியில் அமோனியாவும் பாஸ்பேட்டும் இருக்கின்றன, கரைசலும் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது. லேபில் மெக்னீசியத்தைக் கண்டுபிடிப்பதே அமோனியாவும் பாஸ்பேட்டும் சேர்த்துத்தான்! ஆகவே மெக்னீசியம் திரளவே திரளாது என்று நினைக்காதீர்கள். சேர்த்த உடனே தயிர் போலத் திரண்டால் ஜிங்க். அரை மணி கழித்து அடியில் மணல் மணலாகப் படிகம் படிந்தால் அது மெக்னீசியமாக இருக்கலாம். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

இன்னொரு வழி காஸ்டிக் சோடா. உப்புக் கரைசலில் காஸ்டிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இரண்டு உப்பிலும் வெள்ளை வீழ்படிவு வரும். அங்கே நிறுத்தாமல் மேலும் காஸ்டிக் விட்டுக்கொண்டே போங்கள். ஜிங்க் கரைந்து தெளிந்துவிடும். மெக்னீசியம் என்ன செய்தாலும் கரையாது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, பாத்திரத்தையே தின்றுவிடும்.

கட்டபெட்டு_தோட்டம் | திங்கள், இரவு 8.20

டீச்சர் ரொம்ப நன்றி. ரெண்டும் செஞ்சு பார்த்தேன். குழப்பம் கூடிப்போச்சு.

டிஏபி விட்ட உடனே தயிர் மாதிரி திரண்டது. சரி ஜிங்க்தான்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் காஸ்டிக். வெள்ளையா கட்டிக்கிச்சு. இன்னும் ஊத்தினேன், இன்னும் ஊத்தினேன், கரையவே இல்ல. கொஞ்சம் குறைஞ்ச மாதிரி ஒரு தோணல், அவ்வளவுதான். டிஏபி ஜிங்க்ங்குது, காஸ்டிக் மெக்னீசியம்ங்குது. எதை நம்புறது?

பூம்பாறை_பூண்டு | திங்கள், இரவு 8.44

ரெண்டையும் நம்புங்க. ரெண்டும் இருக்கு!

ஓய்வுபெற்ற_டீச்சர் | திங்கள், இரவு 9.02

பூம்பாறைக்காரர் சொல்வதுதான் என் சந்தேகமும். ஆனால் உறுதி செய்யாமல் சொல்லக் கூடாது. தம்பி, அந்த வெள்ளையை ராத்திரி முழுக்க அடங்க விட்டுவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் சாய்த்து எடுங்கள். அதில் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஜிங்க் கரைந்திருந்தால், காரம் குறையக் குறைய நடுவில் ஒரு கட்டத்தில் மறுபடி வெள்ளை மேகம் தோன்றும். இன்னும் வினிகர் விட்டால் அதுவும் மறைந்துவிடும். அந்த நடுக்கட்டத்தைத் தவற விடாதீர்கள்.

கட்டபெட்டு_தோட்டம் | செவ்வாய், காலை 7.10

மேகம் வந்துச்சு டீச்சர்! அப்ப ரெண்டும் கலந்ததுதானே?

ஓய்வுபெற்ற_டீச்சர் | செவ்வாய், காலை 7.25

காஸ்டிக்கை எதில் கரைத்தீர்கள்?

கட்டபெட்டு_தோட்டம் | செவ்வாய், காலை 7.31

அலுமினியம் வேண்டாம்னு சொன்னீங்களே, அதான் ஜிஐ வாளி. ஞாயித்துக்கிழமை ராத்திரியே கரைச்சு வச்சுட்டேன்.

ஓய்வுபெற்ற_டீச்சர் | செவ்வாய், காலை 7.33

ஐயோ.

ஜிஐ வாளியின் பூச்சே ஜிங்க்தான் தம்பி. அதையும் காஸ்டிக் கரைக்கும். உப்பு எதுவும் சேர்க்காமல், வாளியில் இருக்கும் காஸ்டிக்கை மட்டும் கொஞ்சம் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள்.

கட்டபெட்டு_தோட்டம் | செவ்வாய், காலை 8.05

வெறும் காஸ்டிக்லயும் மேகம் வருது. கொஞ்சம் லேசா இருக்கு, ஆனா வருது. வாளிதான் மாட்டிக்கிச்சு. ஊறுகாய் ஜாடி ஒன்னு காலியா இருக்கு, அதுல புதுசா கரைச்சு மறுபடி செய்யறேன்.

சந்தேகப்பிராணி | செவ்வாய், மதியம் 1.15

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். காஸ்டிக்கில் கரைந்தால் ஜிங்க் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டீர்கள். படிகாரம் கலந்திருந்தால்? அலுமினியமும் அதிகக் காஸ்டிக்கில் கரையும், வினிகர் விட்டால் அதுவும் திரும்ப வரும். டிஏபியோடும் அலுமினியம் பாஸ்பேட்டாக வெள்ளையாகத் திரளும். நீங்கள் இதுவரை செய்த எந்தச் சோதனையும் இரண்டையும் பிரிக்கவில்லையே?

ஓய்வுபெற்ற_டீச்சர் | செவ்வாய், மதியம் 2.40

சரியான கேள்வி. பெயர்தான் சந்தேகப்பிராணி, சந்தேகம் நியாயமானது. இங்கே அமோனியா தேவை. அமோனியாவில் ஜிங்க்கின் வெள்ளை முதலில் வந்து, அதிகம் விட்டால் கரைந்துவிடும். அலுமினியத்தின் வெள்ளை, ஜெல்லி போல, கரையாமல் மிதந்துகொண்டே இருக்கும். ஆனால் அமோனியா பாட்டிலை வீட்டில் திறக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. லேப் வசதி உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ரெண்டாம்வருஷ_கெமிஸ்ட்ரி | செவ்வாய், இரவு 9.50

நான் இருக்கேன் டீச்சர். கட்டபெட்டு மாமா என் அம்மாவோட தம்பி. ஊட்டியில பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம். இந்த செமஸ்டர்ல எங்களுக்கு சால்ட் அனலிசிஸ்தான், அதாவது ஒரு உப்புல எந்த உலோகம் இருக்குன்னு தொகுதி தொகுதியா பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது. மேடம்கிட்ட கேட்டுட்டு, போன வாரமே மாமா உப்பை முழு முறையில போட்டுப் பார்த்துட்டேன். சொன்னா சிரிப்பீங்களேன்னு சும்மா இருந்தேன். எனக்கு வந்த ரிசல்ட் கோபால்ட்.

டீத்தூள்_99 | செவ்வாய், இரவு 9.58

கோபால்ட்டா! அப்ப மூட்டையை வித்தா தேயிலையைவிட லாபம்.

ஓய்வுபெற்ற_டீச்சர் | செவ்வாய், இரவு 10.10

சிரிக்க மாட்டேன் கண்ணு. எங்கே என்ன வந்தது என்று வரிசையாகச் சொல்.

ரெண்டாம்வருஷ_கெமிஸ்ட்ரி | செவ்வாய், இரவு 10.36

முதல் தொகுதி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: ஒன்னும் வரல, அதனால ஈயம் இல்ல. ரெண்டாம் தொகுதி, அந்த அமிலத்துலயே ஹைட்ரஜன் சல்பைடு விட்டேன்: கறுப்போ மஞ்சளோ வரல, பால் மாதிரி லேசா கலங்கினது மட்டும்தான். வடிகட்டி, வாயு போகக் கொதிக்க வச்சுட்டு அம்மோனியம் குளோரைடு, அமோனியா சேர்த்தேன். மூணாம் தொகுதியிலயும் ஒன்னும் வரல. அதுலயே மறுபடி ஹைட்ரஜன் சல்பைடு விட்டேன், நாலாம் தொகுதி. கறுத்த சாம்பல் நிறத்துல வந்துச்சு. எங்க அட்டவணையில நாலாம் தொகுதியில கறுப்புன்னா கோபால்ட் இல்லாட்டி நிக்கல். வெள்ளைன்னாதான் ஜிங்க். அதனால கோபால்ட்னு எழுதிட்டேன்.

ஒன்னு சொல்லணும். அன்னிக்கு வெளியே கடும் குளிர், ஜன்னலைத் திறந்தா மூடுபனி உள்ளே வருது, மூடினா அழுகின முட்டை நாத்தம். சீக்கிரம் முடிச்சா போதும்னு இருந்துச்சு.

ஓய்வுபெற்ற_டீச்சர் | புதன், காலை 5.50

ஜன்னலைத் திறந்தே வை கண்ணு. ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்போம், ஆபத்து அப்போதுதான்.

இப்போது கோபால்ட். உப்பின் நிறம் என்ன? வெள்ளை. கோபால்ட் உப்பு ரோஸ் நிறத்திலும், நிக்கல் உப்பு பச்சையிலும் இருக்கும். அட்டவணையின் முதல் வரியே உப்பின் நிறம்தான், எல்லோரும் அதை எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். வெள்ளை உப்பில் அத்தனை கோபால்ட் இருக்க வழியில்லை.

அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வந்தது? எனக்கு இரண்டு கேள்விகள். மூன்றாம் தொகுதிக்கு முன் கொதிக்க வைத்து, அடர் நைட்ரிக் அமிலம் சில சொட்டு சேர்த்தாயா? உப்பை எந்தத் தண்ணீரில் கரைத்தாய்?

ரெண்டாம்வருஷ_கெமிஸ்ட்ரி | புதன், இரவு 7.15

நைட்ரிக் அமிலம் சேர்க்கல டீச்சர். இரும்பு இருந்தாத்தானே அது வேணும், இதுல இரும்பு எங்கன்னு விட்டுட்டேன். தண்ணி... மாமா வீட்டுலயே கரைச்சு பாட்டில்ல கொடுத்துவிட்டார். ஊத்துத் தண்ணி.

கட்டபெட்டு_தோட்டம் | புதன், இரவு 7.22

தெளிஞ்ச தண்ணிங்க. குடிக்கறதே அதைத்தான். தொட்டியில மட்டும் அடியில செம்மண் கலர்ல வழுவழுன்னு படியும்.

ஓய்வுபெற்ற_டீச்சர் | புதன், இரவு 8.30

அந்த வழுவழுப்புதான் இரும்பு. நம் மலை மண்ணில் இரும்பும் அலுமினியமும் நிறைய, ஊற்றுத் தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு வருகிறது.

நடந்ததைப் பார் கண்ணு. தண்ணீரில் கொஞ்சம் இரும்பு. இரும்பு பெர்ரிக், பெர்ரஸ் என்று இரண்டு நிலைகளில் இருக்கும். அது பெர்ரிக்காக இருந்தாலும், இரண்டாம் தொகுதியில் நீ விட்ட ஹைட்ரஜன் சல்பைடு அதைப் பெர்ரஸ் ஆக்கிவிடும். அந்த வேலையில் வெளியே வருகிற கந்தகமும் நீ பார்த்த பால் கலங்கலில் சேரும். பெர்ரஸ் இரும்பு, அம்மோனியம் குளோரைடு சேர்த்த அமோனியாவில் சரியாக வீழ்படியாது. அமோனியாவின் காரத்தை அம்மோனியம் குளோரைடு அமுக்கி வைக்கிறது, அந்தக் கொஞ்சக் காரம் பெர்ரிக்குக்குப் போதும், பெர்ரஸுக்குப் போதாது. அதனால் இரும்பு மூன்றாம் தொகுதியில் மாட்டாமல் நழுவி நான்காம் தொகுதிக்குப் போய், ஹைட்ரஜன் சல்பைடைக் கண்டதும் கறுப்பு இரும்பு சல்பைடாகிவிட்டது. வெள்ளை ஜிங்க் சல்பைடில் அது கரி பூசிவிட்டது. நைட்ரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்க வைப்பதே அந்த இரும்பை மீண்டும் பெர்ரிக் ஆக்கி, மூன்றாம் தொகுதியிலேயே பிடித்து நிறுத்தத்தான்.

வெட்கப்படாதே. நான் படிக்கிற காலத்தில் (கல்லூரிப் பேர் வேண்டாம்) தேர்வில் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். எனக்கு வந்த உப்பு மாங்கனீசு. மூன்றாம் தொகுதியில் அமோனியா சேர்த்துவிட்டு, வடிதாளில் சொட்டட்டும் என்று பக்கத்து மேசைத் தோழியோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வடிதாளில் பழுப்பு. இரும்பு என்று எழுதிவிட்டு வந்தேன். அமோனியாவில் மாங்கனீசைக் காற்றில் விட்டால் மெல்ல மெல்லப் பழுப்பாகும் என்று விடுதிக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அரட்டைக்குப் போன மதிப்பெண் எத்தனை என்று இன்றும் ஞாபகம் இருக்கிறது, சொல்ல மாட்டேன்.

வடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீரில், புதிதாகக் கரைத்து மறுபடி செய். கூடவே ஊற்றுத் தண்ணீரை மட்டும் தனியாக ஒரு குழாயில் எடுத்து, பொட்டாசியம் தயோசயனேட் விட்டுப் பார், இரும்பு இருந்தால் சிவக்கும்.

சந்தேகப்பிராணி | புதன், இரவு 9.05

ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வாயுவை விரட்டக் கொதிக்க வைக்கிறோமே, அது அங்கே சரியாக நடக்குமா? கோபால்ட் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்குமோ?

ஓய்வுபெற்ற_டீச்சர் | புதன், இரவு 9.20

கொதிக்கிறது என்றால் நீராவி கிளம்பி வாயுவை அடித்துக்கொண்டு போகிறது. அது 93 டிகிரியிலும் நடக்கும், 100 டிகிரியிலும் நடக்கும். பருப்பு வேகத்தான் நேரமாகும். அந்த வாயு பட்டால் கறுக்கும் லெட் அசிடேட் தாளைச் சோதனைக் குழாயின் வாயருகே பிடித்துப் பார்த்து, அது கறுப்பது நிற்கும் வரை கொதிக்க வைத்தால் போதும்.

ரெண்டாம்வருஷ_கெமிஸ்ட்ரி | வெள்ளி, இரவு 8.48

முடிஞ்சது! விவரமா எழுதறேன்.

ஊத்துத் தண்ணி: லேசா அமிலம் சேர்த்து தயோசயனேட் விட்டதும் இளஞ்சிவப்பு. வடிநீர்ல ஒன்னும் இல்ல. மாமா, தப்பு மூட்டையில இல்ல, ஊத்துல!

புதுக் கரைசல்: நைட்ரிக் சேர்த்துக் கொதிக்க வச்சேன். மூணாம் தொகுதியில ஒன்னுமே இல்ல. அதனால படிகாரம் கிடையாது, சந்தேகப்பிராணி சார் நிம்மதியா தூங்கலாம். நாலாம் தொகுதியில வெள்ளை, சுத்த வெள்ளை. அதை அமிலத்துல கரைச்சு, வாயு போகக் கொதிக்க வச்சு, பொட்டாசியம் பெர்ரோசயனைடு விட்டேன், வெள்ளை வீழ்படிவு. இன்னொரு பாதியில காஸ்டிக் விட்டேன், வெள்ளை வந்து முழுசா கரைஞ்சது. ஜிங்க் உறுதி.

நாலாம் தொகுதியில வடிகட்டின கரைசலை அப்படியே வச்சிருந்தேன். அதுல அம்மோனியம் கார்பனேட் விட்டு அஞ்சாம் தொகுதி பார்த்தேன், இல்ல. கடைசியில டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். பத்து நிமிஷம் ஒன்னும் இல்ல. மேடம் வந்து கண்ணாடிக் கோலால குழாயோட உட்பக்கத்தைத் தேய்க்கச் சொன்னாங்க. தேய்ச்ச கோட்டுலயே வெள்ளைப் படிகம் வரிசையா பிடிச்சுக்கிச்சு, கோடு போட்ட நோட்டு மாதிரி. மெக்னீசியம்.

சாம்பல் சோதனையும் ஆசைக்குச் செஞ்சேன். வடிதாளை உப்புக் கரைசல்ல நனைச்சு கோபால்ட் நைட்ரேட் விட்டு எரிச்சா, ஜிங்க்குக்குப் பச்சை, மெக்னீசியத்துக்கு ரோஸ் வரணும். எனக்கு வந்தது அழுக்குப் பச்சை. கலந்து இருந்தா இதை நம்பக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க.

சந்தேகப்பிராணி | வெள்ளி, இரவு 9.10

தூங்கலாம்தான். ஆனால் "இருக்கிறது" என்பது வேறு, "எவ்வளவு" என்பது வேறு. ஜிங்க் சல்பேட்டில் கொஞ்சம் மெக்னீசியம் ஒட்டிக்கொண்டு வந்ததா, பேதி உப்பில் ஜிங்க்கைத் தாளித்திருக்கிறார்களா?

ரெண்டாம்வருஷ_கெமிஸ்ட்ரி | திங்கள், இரவு 7.30

அதையும் இன்னிக்கு டைட்ரேஷன்ல பார்த்தாச்சு. உப்பு 1.4375 கிராம் எடுத்து வடிநீர்ல கரைச்சு 100 மி.லி. ஆக்கினேன். சுத்தமான ஜிங்க் சல்பேட்டா இருந்தா இது 0.05 மோலார். அதுல 20 மி.லி. பிப்பெட் பண்ணி, உலோகத்தைப் பிடிச்சுக்கிற ஈடிடிஏ கரைசலை 0.05 மோலார்ல விட்டா சரியா 20 மி.லி. ஆகணும்.

நிறம் மாறி முடிவைக் காட்டுற சைலினால் ஆரஞ்சு போட்டு, ஹெக்சமீன் பஃபர்ல பி.ஹெச் 5.5-ல விட்டேன். அதுல ஜிங்க் மட்டும்தான் பிடிபடும். 6.0 மி.லி.லயே சிவப்பு மஞ்சளாயிடுச்சு. எரியோகுரோம் பிளாக் டி போட்டு பி.ஹெச் 10-ல ரெண்டும் சேர்த்துப் பார்த்தா 22.3 மி.லி. மூணு தடவை செஞ்சேன், அதேதான்.

ஓய்வுபெற்ற_டீச்சர் | திங்கள், இரவு 8.15

அந்த 22.3-ஐப் பாருங்கள், அதுவே கதை சொல்கிறது. தூய ஏழு நீர் ஜிங்க் சல்பேட் என்றால் 20-க்கு மேல் போகக் கூடாது. மெக்னீசியம் உப்பின் மூலக்கூறு எடை குறைவு, 246.5. ஜிங்க் உப்புக்கு 287.5. அதே எடையில் மெக்னீசியம் உப்பு அதிகத் துகள்களைக் கொண்டு வந்துவிடும், அதனால்தான் மொத்தம் ஏறியிருக்கிறது.

கணக்கு: 6.0 மி.லி. என்றால் ஜிங்க் உப்பு நூற்றுக்கு 30. மீதி 16.3 மி.லி.யை மெக்னீசியம் உப்பாக மாற்றினால் நூற்றுக்கு 70. இரண்டும் சேர்ந்து நூறு. வேறு எதற்கும் இடமில்லை, கணக்கு இவ்வளவு அழகாக உட்கார்ந்தால் பரிசோதித்தவர் கை சுத்தம் என்று அர்த்தம். சபாஷ் கண்ணு. ஜிங்க் என்று மட்டும் பார்த்தால் 6.8 சதவீதம். ஏழு நீர் உப்பில் குறைந்தது 21 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985.

பூம்பாறை_பூண்டு | திங்கள், இரவு 8.40

என் மூட்டையில 33 சதவீதம்னு அச்சடிச்சிருக்கே, அது பொய்யா?

ஓய்வுபெற்ற_டீச்சர் | திங்கள், இரவு 8.52

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது ஒரு நீர் உப்பு, மோனோஹைட்ரேட். தண்ணீர் எடை குறைவதால் ஜிங்க் பங்கு கூடும். அதுவும் மொத்தத்தை 20-க்கு மேல் ஏற்றும் என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது ஜிங்க் அளவையும் சேர்த்து ஏற்றும். இங்கே ஜிங்க் 6.0-தான்.

கட்டபெட்டு_தோட்டம் | திங்கள், இரவு 9.30

மூணுல ஒரு பங்குகூட இல்ல. வயிறு எரியுது. இந்த ரிசல்ட்டை எடுத்துக்கிட்டுப் புகார் கொடுக்கலாமா?

சந்தேகப்பிராணி | திங்கள், இரவு 9.41

கல்லூரி லேப் முடிவு சட்டப்படி செல்லாது. உர ஆய்வாளர் வந்து, பிரிக்காத மூட்டையிலிருந்து முறைப்படி மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். இன்னொரு மூட்டை பிரிக்காமல் இருக்கிறதா?

கட்டபெட்டு_தோட்டம் | திங்கள், இரவு 9.50

இருக்கு. தைச்ச நூல்கூட அப்படியே இருக்கு.

ஓய்வுபெற்ற_டீச்சர் | திங்கள், இரவு 10.02

அதைத் தொடாதீர்கள், ரசீதும் பத்திரம். பிரித்த மூட்டையைக் கொட்டிவிடவும் வேண்டாம். முற்றின இலையில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் விழுந்திருந்தால் அது மெக்னீசியக் குறைவு, அதற்கு இது ஆகும். அளவை மட்டும் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டபெட்டு_தோட்டம் | 19 நாள் கழித்து, காலை 6.40

ரொம்ப நாளா எழுத முடியல, மழை. பிரிக்காத மூட்டையில ஆபீசர் மாதிரி எடுத்துட்டுப் போயிருக்கார், ரிசல்ட் இன்னும் வரல. அடிக்கறதுக்கு வேற இடத்துல 5 கிலோ மட்டும் வாங்கினேன். கடை வாசல்லயே ஊறுகாய் ஜாடியைத் திறந்து காஸ்டிக் விட்டேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். வெள்ளையா கட்டினது, கலக்கக் கலக்க மொத்தமும் தெளிஞ்சு, ஜாடிக்கு அந்தப் பக்கம் நின்ன ஜீப் நம்பர் தெரிஞ்சுது. படிகாரமா இருந்தாலும் தெளியும்னு சந்தேகப்பிராணி சொல்லுவார், அதுக்குத்தான் ஒரு பொட்டலம் மருமகப் பொண்ணுக்கு ஊட்டி பஸ்ல கொடுத்துவிட்டிருக்கேன். இந்த வாட்டி தண்ணி ஊத்தல.